ஒழுகாத மூலை

அந்தக் கரவன் ஒழுகவில்லை. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஒழுகுகிறது என்று நான் பொய் சொன்னேன்.

யாருக்குச் சொன்னேன்? என் கணவருக்கு. எதைப் பற்றி? ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் தன் கையால் செய்து முடித்த வேலையைப் பற்றி. எங்கே இருந்து சொன்னேன்? நிறைகுடத்துக்கு முன்னால் இருந்து… நல்ல நேரம் தொடங்குகிற வேளையில்… வாய் கூசாமல்!

நான்கு ஆண்டுகளாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் சொந்தமும் இல்லை, சிநேகிதமும் இல்லை. நாளைக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்று முகத்தைச் சுழிக்கப் போவதும் இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்கப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி.

கரவன் என்பது காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு. இந்த நாட்டு மக்கள் விடுமுறைக்கு அதில் கடற்கரைக்குப் போவார்கள். இரண்டு கிழமை மீன் பிடித்துவிட்டுத் திரும்பி வந்து சொந்த வீட்டில் படுப்பார்கள். என் கணவரோ அதையே வீடாக்கிக்கொண்டு போவோம் என்றார். திரும்பி வருகிற பேச்சே அவரிடம் இருக்கவில்லை.

அவர் இலங்கையில் நில அளவையாளராக இருந்தவர். நில அளவையாளரின் மனைவிக்கு என்ன வேலை தெரியுமா? பெட்டி கட்டுவது. வவுனியா, மன்னார், அனுராதபுரம், அம்பாறை… பதின்மூன்று ஆண்டுகளில் பதினொரு வீடு! ஒரு வீட்டின் குசினியில் எந்தத் தட்டில் மிளகாய்த்தூள் இருக்கிறது என்று கை தானாகப் பழகும் நேரத்தில் மாற்றல் கடிதம் வந்துவிடும். நான் நட்ட கத்தரிக்கன்றில் ஒரு காய்கூட நான் பறித்ததில்லை. யார் யாரோ பறித்தார்கள்.

பன்னிரண்டாவதாக வந்த வீடுதான் சிட்னியில், நார்த்மீட்டில். வாடகை வீடு. பின்வளவில் ஒரு எலுமிச்சை மரம். எழுபத்துமூன்றாம் ஆண்டு வந்தோம், நாங்கள் இருவரும் மகள் சுமதியும். அப்போது அவளுக்கு எட்டு வயது. இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வந்த இடத்தில் அவருடைய சான்றிதழ்களை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மலையையும் குளத்தையும் அளந்த மனிதர் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் கட்டிலைத் தள்ளினார். அதைப் பற்றி அவர் குறை சொன்னதில்லை. ஆனால் வேலையால் வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு நேரே கொல்லைக் கொட்டகைக்குப் போய், எதையாவது அளந்துகொண்டு நிற்பார். வேலிக் கம்பத்தை அளப்பார். மகளின் மேசையை அளப்பார்.

எனக்கோ வேலை கிடைத்தது. என் வாழ்நாளில் முதல் வேலை! பரமட்டாவுக்கு அப்பால் ஒரு குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலை. பெட்டியின் கதவு விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டி இருக்கும். கதவை மூடி, இடையில் ஒரு கடதாசித் துண்டை வைத்து இழுப்பேன். கடதாசியை இறுகப் பிடித்தால் கதவு சரி. வழுக்கிக்கொண்டு வந்தால், கதவின் மூலையில் சிவப்புச் சோக்கால் ஒரு கீறு போடுவேன். நான் கீறு போட்ட பெட்டியை மேலாளரே வந்து நின்றாலும் வெளியே அனுப்ப முடியாது.

முதற் கிழமை என் சேலையைப் பார்த்துச் சிரித்தவர்கள், ஆறாம் மாதம் சந்தேகம் வந்தால் என்னைத் தேடி வந்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு வேலைக் கோட்டுத் தந்தார்கள். அதன் நெஞ்சில் என் பெயரைத் தைத்திருந்தார்கள், பாதிப் பெயரை மட்டும். மீதியை அவர்களால் எழுத முடியவில்லை. பரவாயில்லை. அந்தப் பாதிப் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது. முழுப் பெயருக்கு அதுவரை அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

எழுபத்தைந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தக் கடிதம் வந்தது. குவீன்ஸ்லாந்தின் மேற்கே, ஆள் நடமாட்டமில்லாத வெளிகளை அளக்கிற ஒரு குழு. சான்றிதழைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், வேலை தெரிந்தால் போதும். முகாம் ஆறு கிழமைக்கு ஒரு தடவை இடம் மாறும். குடும்பத்தோடு வருகிறவர்கள் தங்கள் கரவனோடு வரவேண்டும். அவர் அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தார். வாசித்த முகத்தை நான் பார்த்தேன். கலியாணம் முடித்த காலத்து முகம் அது…

நான் சுமதியின் படிப்பைச் சொல்லித் தடுத்தேன். அங்கே வானொலியில் பள்ளிக்கூடம் நடக்கிறதாம் என்றார். நோய் நொடி வந்தால் என்றேன். விமானத்தில் டாக்டர் வருவாராம் என்றார். வெயில் என்றேன். மன்னார் வெயிலைவிடவா என்றார்.

என் வேலையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நான் உங்களைத் திருப்பிக் கேட்கிறேன்: ஏன் அவர் கேட்கவில்லை?

ஏற்கெனவே பதினொரு தடவை பெட்டி கட்டியவள், பன்னிரண்டாம் தடவையும் கட்டுவாள்தானே! அது அவர் கெட்ட மனிதர் என்பதால் அல்ல. அவர் நல்ல மனிதர். நல்ல மனிதரிடம் மாட்டேன் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியுமா?

வின்ட்சருக்குப் போகிற வழியில், ஒரு தோட்டத்தில் கோழிகள் குடியிருந்த பழைய கரவன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும். கதவைத் திறந்ததும் ஈர நாற்றம் முகத்தில் அடித்தது. இடப்பக்க முன்மூலையில் நான் பெருவிரலால் அழுத்தினேன். விரல் பாதிவரை உள்ளே போய்விட்டது. தேநீரில் தோய்த்த பாண் மாதிரி இருந்தது மரம். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இதை ஒருநாளும் திருத்த முடியாது என்று நினைத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பேச்சுச் சொன்னார். அந்தப் பேச்சில்தான் எல்லாம் தொடங்கியது.

"இஞ்சாரும், வேலையைப் பாக்கிறதிலை உம்மை விட்டால் ஆள் இல்லை. நான் திருத்துறன், நீர் பாத்துச் சொல்லும். நீர் சரியெண்டால் போவம். பிழையெண்டால் நான் இந்தக் கதையையே எடுக்கமாட்டன்."

நியாயமான பேச்சுத்தான். ஓம் என்றேன். போவதா இருப்பதா என்று அவர் என்னிடம் நேரே கேட்கவில்லை, ஒரு மரப்பெட்டியைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். வேலை விஷயத்தில் நான் பொய் சொல்வேன் என்று அவருடைய மூளையில் உதிக்கவே இல்லை. என்னுடைய மூளையிலும் அன்றைக்கு உதிக்கவில்லை. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

தகட்டை உரித்தார். உக்கிய சட்டத்தை வெட்டி எறிந்தார். புது மரத்தைப் பாதிக்குப் பாதி வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று படிய வைத்து, பசை பூசிப் பொருத்தினார். பித்தளைத் திருகாணிகள். அவற்றின் தலையில் உள்ள வெட்டுகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றன. தகட்டின் ஓரங்களுக்குக் கீழே பிசின் போன்ற ஒரு மெழுகை வைத்து இறுக்கினார். யன்னல்களுக்குப் புது ரப்பர். கூரையில் உள்ள காற்றுத் துவாரத்துக்குப் புது மூடி. ஆனி, ஆடி, ஆவணி… இந்த நாட்டில் அதுதான் குளிர்காலம், கை விறைக்கிற குளிரில் மூன்று மாதம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போய்ப் பார்ப்பேன். கையில் டோர்ச்சும் கடதாசித் துண்டும் சிவப்புச் சோக்கும். அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த மூன்று மாதமும் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, சத்தியமாக! எங்கே பிழையோ அங்கேதான் கீறு போட்டேன். பின்யன்னல் ரப்பரில் கடதாசி வழுக்கியது, கீறினேன். கதவின் கீழ்ப்பக்கம் நூலளவு வெளிச்சம் தெரிந்தது, கீறினேன். அலுமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, இன்னும் ஈரம் மணக்கிறது என்றேன். அவர் ஒரு தடவைகூட முகம் கோணவில்லை. அடுத்த சனிக்கிழமை வரும்போது அந்தப் பிழை இருக்காது.

கேளுங்கள், என் கெட்டித்தனத்தை! நான் கீறக் கீற அது நல்ல கரவனாகிக்கொண்டு வந்தது. பிழைகள் முடிந்துவிடக்கூடாது என்று ஆசைப்பட்டுத்தான் அவ்வளவு கூர்மையாகத் தேடினேன். தேடித் தேடி ஒவ்வொன்றாக நானே முடித்துக் கொடுத்தேன். ஆவணி கடைசிச் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் தேடினேன். சோக்கை எடுத்தபடியே திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

மிச்சம் இருந்தது தண்ணீர்ச் சோதனை மட்டும். கூரையில் குழாயால் தண்ணீர் அடிக்க வேண்டும். உள்ளே இருந்து ஒருவர் பார்க்க வேண்டும். ஒழுகாவிட்டால் அங்கேயே பால் காய்ச்சிவிட்டு, அடுத்த கிழமை புறப்படுவது என்று தீர்மானம்.

பால் காய்ச்ச நல்ல நேரம் வேண்டுமே! யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த பஞ்சாங்கத்தை விரித்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் கணக்குப் போட்டார். அந்த ஊர்ச் சூரியன் எப்போது எழும்புகிறது, இந்த ஊர்ச் சூரியன் எப்போது எழும்புகிறது, இடையில் எத்தனை பாகை… நில அளவையாளர் அல்லவா! புரட்டாதி முதற் சனிக்கிழமை, காலை பத்தேகாலில் இருந்து பதினொன்று வரை என்று முடிவு செய்தார். அதற்கு முன்னால் சோதனை முடியவேண்டும்.

நான் காலையில் தலை தோய்ந்து, கரவனின் மடிப்பு மேசையில் வாழையிலைக்குப் பதிலாக ஒரு தட்டை வைத்து, அதில் அரிசி பரப்பி, நிறைகுடம் வைத்தேன். குடம் நிறையத் தண்ணீர். மேலே தேங்காய். மாவிலைக்கு எங்கே போவது? பின்வளவு எலுமிச்சை இலைகளைச் செருகினேன். குங்குமம் வைத்தேன். பால் சட்டி அடுப்பில் தயாராக இருந்தது. சுமதி புதுச்சட்டை போட்டுக்கொண்டு வெளியே படியில் நின்றாள்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். குழாய்த் தண்ணீர் கூரையில் விழத் தொடங்கியது. உள்ளே நான் தனியே.

நான் மூலை மூலையாகக் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. யன்னல் விளிம்புகள், காற்றுத் துவாரம், கூரையும் சுவரும் சேருகிற இடம்… எல்லாம் காய்ந்து கிடந்தன. தலைக்கு மேல் அத்தனை தண்ணீர் கொட்டுகிறது, உள்ளே புது மரத்தின் வாசம் மட்டும். ஆயிரக்கணக்கான கதவுகளை இழுத்துப் பார்த்தவள் சொல்கிறேன்: அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஓம், பெருமையாக! என் புருஷனின் கை இது என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அப்போது சுற்றிவரப் பார்த்தேன்.

அடுப்புக்கு மேலே என் தூள் போத்தலுக்கு ஒரு தட்டு, போத்தலை அளந்து செய்தது. வழியில் குலுங்கி விழாமல் குறுக்கே ஒரு சின்னச் சட்டம். சுமதியின் புத்தகங்களுக்கு ஒரு பெட்டி. சாமிப் படத்துக்கு ஒரு மாடம். கதவுக்குப் பக்கத்தில் அவருடைய வெயில் தொப்பிக்கு ஒரு பித்தளைக் கொளுக்கி. எல்லாவற்றையும் அளந்திருந்தார். எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. என் வேலைக் கோட்டுக்கு மட்டும் கொளுக்கி இல்லை.

மறந்துபோனார் என்று சொல்ல முடியாது. அவர் எதையும் மறக்கிறவர் அல்ல. அந்தக் கோட்டு எங்களோடு வரப்போவதில்லை, அவ்வளவுதான். அது அவருக்கு மூன்று மாதமாகத் தெரிந்திருந்தது. எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

வெளியே இருந்து கேட்டார்.

"இஞ்சாரும்… ஒழுகுதே?"

நான் அந்தத் தொப்பிக் கொளுக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். பலமாகக் கேட்டார்.

"ஒழுகுதே?"

"ஓம்," என்றேன். "ஒழுகுது."

சொல்லிவிட்டேன்! நான் சொல்லத் திட்டமிட்டேனா? இல்லை. வாய் தவறிச் சொன்னேனா? அதுவும் இல்லை. அந்த ஓம் எனக்குள் பதினைந்து ஆண்டுகளாகக் கிடந்தது. அன்றைக்கு வெளியே வந்தது.

 அவர் குழாயை மூடிவிட்டு வரப்போகிறார். வந்து எங்கே என்று கேட்பார். எங்கே காட்டுவது? எல்லா இடமும் காய்ந்து கிடக்கிறதே! நான் நிறைகுடத்தின் தேங்காயைத் தூக்கினேன். எலுமிச்சை இலைகள் கீழே விழுந்தன. குடத்துக்குள் கையை விட்டுத் தண்ணீரை அள்ளி இடப்பக்க முன்மூலையில் ஊற்றினேன். மூன்று கை. தண்ணீர் பலகையில் வழிந்து தரையில் தேங்கியது. தேங்காயைத் திரும்ப வைத்தேன். இலைகளைப் பொறுக்கிச் செருகினேன். பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு!

ஏன் அந்த மூலையை? பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அவர் அடியிலிருந்து நுனிவரை புதிதாகக் கட்டிய மூலை அது. அதைத்தானா கை தேடிப்போக வேண்டும்? இந்தப் பொய்யைத் திரும்பச் சொல்லவேண்டி வந்தால் திரும்பவும் சொல்வேன். ஆனால் வேறு மூலையைக் காட்டுவேன். என்னுடைய பச்சாத்தாபம் அந்த அளவுதான். உங்களுக்கு அது போதாதென்றால் நான் என்ன செய்ய?

அவர் ஈரக்காலோடு உள்ளே வந்தார். நான் கையைக் காட்டினேன். அவர் குந்தியிருந்து அந்த ஈரத்தைத் தொட்டார். விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தார். பிறகு நிறைகுடத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து மணி பத்து நிமிடம்.

ஒழுகினால் என்ன, திருத்தலாம்தானே என்று ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருப்பான். நான் யாருக்குப் பெண்சாதி என்று எனக்குத் தெரியும். நிறைகுடம் வைத்த இடத்தில், பால் காய்ச்சப் போகிற நேரத்தில், புது வீடு ஒழுகினால் எங்கள் ஆட்கள் அங்கே அடி எடுத்து வைக்கமாட்டார்கள். படித்தவர் படியாதவர் என்று அதில் வித்தியாசம் இல்லை. பாகை பிரித்து நேரம் பார்த்தவர் அதைச் சகுனமாகத்தான் எடுப்பார். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்தத் தண்ணீரில் கை வைத்தேன்.

அவர் நிறைகுடத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தார். பால் ஏன் காய்ச்சவில்லை என்று சுமதி இங்கிலீஷில் கேட்டாள்.

"நேரம் போட்டுது, பிள்ளை," என்றார்.

நேரம் போகவில்லை. இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

அன்றிரவே அந்தக் குழுவுக்கு வரமுடியாது என்று கடிதம் எழுதினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். அதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒரு பொய், ஒரு வீடு மிச்சம், கதை முடிந்தது. ஆனால் அவர் அந்த ஒழுக்கைத் தேடத் தொடங்கினார்.

போவதற்காக அல்ல. போகிற கதை முடிந்துவிட்டது. எங்கே பிழைவிட்டேன் என்று அறிவதற்காக! முதலில் இடப்பக்க முன்மூலையைத் திறந்தார். உள்ளே மரம் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. தண்ணீர் வேறெங்கோ நுழைந்து இந்த மூலைக்கு வந்திருக்கிறது என்று சொன்னார். கூரை ஓரத்தைப் பெயர்த்தார். பிறகு யன்னல்களை. பிறகு வலப்பக்கம். ஒழுங்காக நின்ற திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். திரும்பப் பூட்டியபோது அவை ஒவ்வொரு திசையில் நின்றன. பிசின் மெழுகு அப்பிய இடங்களில் விரலடையாளம் தெரிந்தது. மாசி மாதம் வரை தேடினார். இல்லாத ஓட்டையை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? ஒவ்வொரு நாளும் வாய்வரை வந்தது. நான் ஒரு சொல் சொன்னால் அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிடுவார். ஆனால் அந்த ஒரு சொல்லோடு என் கண்ணுக்கு இருந்த மதிப்பும் போய்விடும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கையின் மதிப்பை எடுத்துத்தான் என் கண்ணின் மதிப்பைக் காப்பாற்றினேன். வெட்கக்கேடு! தெரிகிறது. தெரிந்தும் இருந்தேன்.

கடைசியில் விற்றுவிடலாம் என்றார். எதிர் வீட்டில் கென் என்று ஒரு கிழவர் இருந்தார், ஓய்வுபெற்ற தச்சர். அவர் பார்க்க வந்தார். நான் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றேன்.

கென் சுற்றிப் பார்த்தார். நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படியே! பெருவிரலால் மூலைகளை அழுத்தினார், அலுமாரிக்குள் மோந்தார், தரையில் மல்லாந்து படுத்து அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். எழும்பி, இதைத் திருத்தியது இரண்டு பேரா என்று கேட்டார். இல்லை, நான் ஒருவன்தான் என்றார் இவர். கென் தலையை ஆட்டினார். முதலில் செய்தவனுக்கு வேலை தெரியும், நான் என் காலத்தில் கண்ட மிகத் திறமான வேலை இது, பிறகு யாரோ பதற்றத்தில் பதகளித்துப்போய் அதை உடைத்திருக்கிறான் என்றார். ஏன் திறந்தாய் என்று கேட்டார்.

ஒழுகியது என்றார் இவர்.

யார் சொன்னது என்று கென் கேட்டார்.

என் மனைவி சொன்னாள், அவள் தொழிற்சாலையில் சோதனை பார்க்கிறவள், அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று இவர் சொன்னார். எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா!

கென் திரும்பி என்னைப் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அப்படி ஒரு பார்வையை நான் மறக்கவில்லை. நானும் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அது ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் எதுவும் கேட்காமல் கரவனை வாங்கிக்கொண்டார்.

அவர் போனபிறகு நான் ஏதோ ஒரு துணிவில், கென் அனுபவசாலி, அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்னவோ என்று மெல்லச் சொன்னேன். அதுதான் நான் உண்மைக்கு மிக அருகில் போன நாள்.

"வெள்ளையள் முகத்துக்கு முன்னாலை நல்லதுதான் சொல்லுவினம்," என்றார். "நான் உம்மட கண்ணை நம்புறன்."

கரவனைக் கொடுப்பதற்கு முன்னால் அவர் அதற்குள் போய் ஒரே ஒரு சாமானைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பித்தளைக் கொளுக்கி. எங்கள் குசினிக் கதவின் பின்பக்கம் அதைப் பூட்டினார். உம்மட கோட்டு எந்த நாளும் கதிரையிலை கிடக்குது என்று மட்டும் சொன்னார்.

தெரிந்துதான் செய்தாரா? தெரியாமல் செய்தாரா? நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

அதுதான் அவர் கடைசியாகப் பூட்டிய திருகாணி. அதற்குப் பிறகு தன் தச்சு ஆயுதப் பெட்டியை அவர் திறக்கவில்லை. குழாய் சொட்டினால் ஆள் பிடிக்கிறார். கூரையில் ஓர் ஓடு விலகினால் ஆள் பிடிக்கிறார். வேலிக் கம்பத்தை அளப்பதில்லை. இப்போது வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்த பெரிய மருத்துவமனையில் கட்டில் தள்ளுகிறார். சிரித்துப் பேசுகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். நீங்கள் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

எனக்கா? நான் இப்போது பன்னிரண்டு பெண்களுக்குத் தலைமைப் பரிசோதகர். கோட்டில் என் முழுப் பெயரும் இருக்கிறது. நானே உட்கார்ந்து தைத்துக்கொண்டேன். சுமதி ஒரே பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்கிறாள், அவளுக்கு எப்போதும் அதே சிநேகிதிகள். எலுமிச்சை மரத்தில் ஆண்டுக்கு ஆண்டு நான் காய் பறிக்கிறேன். இதெல்லாம் அந்த மூன்று கைத் தண்ணீரில் வந்தது. வேண்டாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? சொல்லமாட்டேன்!

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. நான் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றேன். மழை தொடங்கினால் அவர் கதிரையில் இருக்கமாட்டார். எழும்பி, அறை அறையாகப் போய், சுவரின் மூலைகளில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கை வைத்துப் பார்த்தாலும் அந்தக் கையை அவர் நம்பமாட்டார். கடைசியில் என்னிடம்தான் வருவார். அன்றும் வந்தார்.

"இஞ்சாரும், எங்கையேன் ஒழுகுதே?"

"இல்லை," என்றேன்.

"நீர் சொன்னால் சரி," என்று சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார்.

நான் இஸ்திரி போட்டு முடித்த கோட்டைக் கொண்டுபோய்க் குசினிக் கதவின் பின்னால், அவர் பூட்டிய கொளுக்கியில் மாட்டினேன். இத்தனை ஆண்டாகியும் அது கொஞ்சமும் ஆடவில்லை.